கிளிப் போட்டு ஐந்தே மாதம், அதற்குள் பல்லில் வெள்ளைத் திட்டு. என்ன செய்வது?

பள்ளிக்கரணை அம்மா | ஜூலை 6, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்ததால் பிப்ரவரியில் மேலும் கீழும் கிளிப் போட்டோம். மாதம் ஒருமுறை டைட் பண்ணப் போய்வருகிறோம். நேற்று போனபோது டாக்டர் மேல் பல்லைப் பஞ்சால் துடைத்து, காற்று அடித்துக் காயவைத்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் பிறை மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு, சாக்பீஸால் வரைந்தது போல. எச்சில் பட்டதும் மங்கிவிட்டது. நான்கு பற்களில் அப்படி இருக்கிறதாம். "இதுதான் சொத்தையின் ஆரம்பம். இப்படியே போனால் கிளிப்பைக் கழற்ற வேண்டிவரும்" என்றார்.

காலையிலும் இரவிலும் தவறாமல் பல் தேய்க்கிறாள். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். மிட்டாய், சாக்லேட் என்று அலைகிற பிள்ளையும் இல்லை. அப்புறம் எப்படி இது வந்தது?

வீட்டுக்கு வந்ததிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். "பல்லு நல்லா இருக்கணும்னுதானே போட்டோம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கிளிப்பைக் கழற்றிவிடலாமா? இதே மாதிரி யார் வீட்டிலாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

---

தாம்பரம் அண்ணன் | ஜூலை 6, இரவு 11:03

அக்கா, எனக்கு நடந்தது. அதை முழுசாகவே சொல்கிறேன், உங்கள் மகளுக்கு உதவும்.

பத்தாம் வகுப்பில் கிளிப் போட்டேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நான் போய்க்கொண்டிருந்த க்ளினிக் மூடிவிட்டது. மாதக்கணக்கில் யாரும் என் வாயைப் பார்க்கவில்லை. நாள் முழுக்க வீடு, போன், கையில் ஏதாவது நொறுக்குத் தீனி. வெளியே போகவில்லை என்பதால் பல் தேய்ப்பதிலும் அக்கறை போய்விட்டது. ஈறு வீங்கிப் பாதி பிராக்கெட்டை மூடியிருந்தது, பிரஷ் பட்டாலே ரத்தம். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமலே விட்டேன்.

2021 கடைசியில் கிளிப்பைக் கழற்றினார்கள். பல் வரிசை அருமையாக வந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு பல்லின் நடுவிலும் பிராக்கெட் ஒட்டியிருந்த இடம் மட்டும் சின்னச் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது, அதைச் சுற்றிலும் வெள்ளைச் சட்டம் போட்டது போலத் திட்டு. பசைக்கு அடியில் இருந்த எனாமல், அதாவது பல்லின் வெளி ஓடு, பிழைத்துக்கொண்டது, சுற்றியிருந்தது போய்விட்டது. கோரைப் பல் ஒன்றில் குழியே விழுந்து அடைக்க வேண்டியிருந்தது. இரண்டு வருடம் காத்திருந்தது எதற்காகவோ, அந்த முதல் போட்டோவில் நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

உங்கள் மகளுக்கு ஐந்தாவது மாதத்திலேயே ஒருவர் பஞ்சால் துடைத்துக் காட்டியிருக்கிறார். எனக்கு அப்படி ஒருவர் காட்டியிருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். கழற்றும் முடிவை டாக்டரிடம் விடுங்கள் அக்கா, இப்போது கழற்றிவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகர ஆரம்பிக்கும்.

---

அம்பத்தூர் அப்பா | ஜூலை 7, காலை 6:48

தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் வாட்டர் ஃப்ளாசர் வாங்கிக் கொடுங்கள். மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. என் மகன் கிளிப் போட்டு ஒன்றரை வருடமாகிறது, அது இல்லாமல் தூங்கப் போகமாட்டான். கீரை, கறி நார் எல்லாம் வெளியே வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

---

மயிலைத் தாத்தா | ஜூலை 7, காலை 7:30

அம்மா, ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சும்மா சொல்லவில்லை. எனக்கு 74 வயது, இரண்டு கடைவாய்ப் பல்லைத் தவிர எல்லாம் சொந்தப் பல். இன்றும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேப்பங்குச்சிதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேஸ்டின் இனிப்பே போதும் சொத்தை வர. பேத்திக்கு வேப்பங்குச்சியைப் பழக்கிப் பாருங்கள்.

---

முகப்பேர் பல் மருத்துவர் | ஜூலை 7, பிற்பகல் 2:20

கிளிப் சிகிச்சைதான் என் வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் மகள் பல் தேய்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். தேய்க்கிறாள், ஆனால் பிரஷ் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கிளிப் இல்லாத பல்லின் முன்பக்கம் வழவழப்பானது. உதடும் எச்சிலும் சாப்பாடும் உரசியே பாதி சுத்தமாகிவிடும். பிராக்கெட் ஒட்டியதும் அங்கே ஒரு திண்ணை கட்டியது போல ஆகிவிடுகிறது. பிரஷ் அந்தத் திண்ணையின் மேல் ஏறி இறங்கிப் போகும். அதற்கும் ஈறுக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து இருக்கிறதே, அதற்குள் தூரிகை முடி நுழையாது. மாவு போன்ற படலம் அங்கேதான் தங்கும்.

அந்தப் படலத்தில் கிருமிகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். லண்டனில் கிளார்க் என்ற மருத்துவர் 1924-இல் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்து அடையாளம் சொன்ன கிருமி அது. நாம் எதைத் தின்றாலும் அதிலுள்ள சர்க்கரையை அது அமிலமாக்கும். பி.எச். என்ற அளவு (அது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் இறங்கிவிடுகிற அந்த அளவை, எச்சில் பழையபடி மேலே கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஏறிய பிறகு எச்சிலே இழந்த சத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். இந்த வரவு செலவில் செலவு அதிகமானால் வெள்ளைத் திட்டு. இப்போது உங்கள் மகளுக்கு மேல்தோல் உடையவில்லை, உள்ளே மட்டும் சத்துக் குறைந்திருக்கிறது. குழி விழாதவரை இதை நிறுத்தலாம், ஓரளவு திருப்பவும் முடியும். அதனால்தான் உங்கள் டாக்டர் இப்போதே காட்டியிருக்கிறார்.

ஐந்து மாதம் என்பது அதிசயமும் இல்லை. பிராக்கெட்டைச் சுற்றிப் படலம் கலையாமல் இருந்தால் நான்கே வாரத்தில் எனாமல் சத்து இழந்ததை ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. 1982-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கிளிப் போட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குறைந்தது ஒரு பல்லிலாவது திட்டு இருந்தது. அதிகம் பாதித்தது மேல்வரிசையில் இரண்டு பெரிய முன்பற்களுக்கும் அடுத்த பல். உங்கள் மகளுக்கும் அங்கேதானா என்று பாருங்கள்.

தாத்தா, வணக்கம். வேப்பங்குச்சியில் தப்பில்லை, உங்கள் பல்லே சாட்சி. ஆனால் குச்சியின் நுனி கம்பிக்கு அடியில் போகாது, அழுத்தினால் பிராக்கெட் பெயர்ந்துவிடும். பேஸ்டின் இனிப்பைப் பற்றியும் கவலை வேண்டாம், கிருமி அமிலமாக்க முடியாத இனிப்பைத்தான் அதில் சேர்க்கிறார்கள். அப்பா சார், வாட்டர் ஃப்ளாசர் சாப்பாட்டுத் துணுக்கை வெளியே தள்ளும், நல்ல கருவிதான். ஒட்டிப்பிடித்த படலத்தை அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. அதற்குத் தூரிகை உரச வேண்டும்.

அம்மா, இரண்டு வேலை செய்யுங்கள். மகள் பயன்படுத்தும் பேஸ்ட் டியூபில் ஃப்ளோரைடு எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அச்சாகியிருக்கிறது, பாருங்கள். ஃப்ளோரைடு சேர்த்த பேஸ்ட் என்றால் அந்த எண்ணை டியூபில் போட்டாக வேண்டும் என்பது இங்கே சட்டம், 1000-க்கு மேல் போகவும் கூடாது. அடுத்து, ஒரு பள்ளி நாளில் காலை எழுந்ததிலிருந்து தூங்கும்வரை அவள் வாய்க்குள் போனது அத்தனையையும் மணியோடு எழுதுங்கள். தண்ணீர் மட்டும் வேண்டாம்.

---

பள்ளிக்கரணை அம்மா | ஜூலை 8, இரவு 9:55

டாக்டர், நீங்கள் சொன்ன அதே பல்தான். இரண்டு பக்கமும் அந்தப் பல்லும், அதற்கடுத்த கோரைப் பல்லும்.

பேஸ்ட் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பி.பி.எம். என்ற எழுத்தே இல்லை. கிராம்பு, வேம்பு என்று மூலிகைப் பெயர்கள் மட்டும்தான். நல்லது என்று நினைத்துத்தான் வருடக்கணக்காக வாங்கினேன்.

இன்று செவ்வாய்க்கிழமை முழுக்க எழுதினேன். ஆறு மணிக்குப் பல் தேய்த்தாள். ஆறேகாலுக்குச் சர்க்கரை போட்ட காபி. ஏழேகாலுக்கு இட்லி. பத்தே முக்காலுக்கு இன்டர்வெலில் கிரீம் பிஸ்கட். பன்னிரண்டரைக்கு எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மூன்றே முக்காலுக்கு வேன் ஏறும்போது ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட். வேளச்சேரி மெயின் ரோட்டு நெரிசலில் வீடு வந்து சேர நாற்பது நிமிடம், அதுவரை அந்தப் பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டே வருகிறாள். இன்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. ஐந்தரைக்கு டியூஷன் வாசலில் சிப்ஸ். எட்டரைக்குத் தோசை. ஒன்பதேகாலுக்குப் பல் தேய்த்தாள்.

பிறகு பத்தரைக்கு, வீட்டுப்பாடம் முடித்ததும், சத்து பவுடரும் சர்க்கரையும் கலந்த பால். அதை நான்தான் கொடுக்கிறேன். குடித்துவிட்டு அப்படியே படுத்துவிடுவாள். எழுதி முடித்துப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

---

முகப்பேர் பல் மருத்துவர் | ஜூலை 8, இரவு 11:10

உங்களை நொந்துகொள்ள வேண்டாம் அம்மா. என்னிடம் வரும் பிள்ளைகளில் பலரின் நாள் இதே மாதிரிதான் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளி நேரமும் டியூஷனும் அப்படி அமைந்திருக்கின்றன.

மணியைக் கவனியுங்கள். காலை ஆறு மணிக்குத் தேய்த்துவிட்டுத்தான் காபி என்பது நம் வீடுகளில் நல்ல பழக்கம். ஆனால் அதற்குப் பிறகு இரவு ஒன்பதேகால்வரை, அதாவது பதினைந்து மணி நேரம், பல்லில் பிரஷ் படவில்லை. நடுவில் ஏழு முறை ஏதோ உள்ளே போயிருக்கிறது. மிட்டாய் சாப்பிடுவதில்லை என்றீர்கள், உண்மை. ஆனால் பிஸ்கட்டும் சிப்ஸும் மாவுப் பண்டம், கம்பியில் அப்பிக்கொண்டு மெதுவாக ஊறும், அதுவும் அமிலமாகும். அந்த ஜூஸை ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்திருந்தால் ஒரு தாக்குதல். நாற்பது நிமிடம் உறிஞ்சும்போது ஒவ்வொரு மடக்கும் எச்சிலை முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்கிறது. வேன் பயணம் முழுக்கப் பல் அமிலத்தில் ஊறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பால் அதைவிட மோசம், ஏனென்றால் தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அந்தச் சர்க்கரையைக் கழுவ ஆளே இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பிள்ளை சலித்துப்போவாள். முதலில் பாலைச் சாப்பாட்டோடு எட்டரைக்குக் கொடுங்கள், சர்க்கரை இல்லாமல். பிரஷ் பட்டபின் தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. ஜூஸ் பாக்கெட்டுக்குப் பதில் தண்ணீர் பாட்டில். பசித்தால் வேர்க்கடலை வேகவைத்துக் கொடுங்கள், சுண்டல் கொடுங்கள், மோர் கொடுங்கள். கடலைமிட்டாய், முறுக்கு, தட்டை, ஐஸ்கட்டி இதெல்லாம் பிராக்கெட்டைப் பெயர்க்கும், கிளிப் இருக்கும்வரை தள்ளிவையுங்கள். கொய்யாவை மெல்லிய துண்டாக நறுக்கிக் கொடுக்கலாம்.

பேஸ்ட்டை மாற்றுங்கள். 1000 பி.பி.எம். ஃப்ளோரைடு என்று அச்சிட்டிருப்பது எதுவானாலும் சரி, விலை பார்க்க வேண்டாம். தேய்த்து முடித்ததும் நம் வீடுகளில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்போம், அதை நிறுத்தச் சொல்லுங்கள். நுரையைத் துப்பினால் போதும். பல்லில் மிஞ்சும் அந்தக் கொஞ்சம் ஃப்ளோரைடுதான் வேலை செய்கிறது. அது எனாமலோடு சேர்ந்து உருவாகும் படிகம் பி.எச். 4.5 வரைக்கும் கரையாமல் தாங்கும்.

தேய்க்கும் விதம்: கிளிப் இருக்கும்போது இரண்டு நிமிடம் போதாது, ஐந்து நிமிடமாவது வேண்டும். பிரஷை ஈறுப் பக்கமிருந்து சாய்த்து, பிராக்கெட்டின் மேல் சந்தை முதலில் ஒவ்வொரு பல்லாக. பிறகு கீழ்ச் சந்து. கடைசியில் பிராக்கெட்டின் முகம். அதன்பின் இடைப்பல் பிரஷ் என்று பாட்டில் கழுவும் பிரஷின் குட்டி வடிவத்தில் மருந்துக்கடைகளில் கிடைக்கும், அதைக் கம்பிக்கு அடியில் மேலிருந்து கீழாக விட்டு, பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் நாலைந்து தடவை. முடி வளைந்துவிட்டால் தூக்கிப்போடுங்கள். ரத்தம் வந்தால் அந்த இடத்தில் இன்னும் மென்மையாக, ஆனால் கட்டாயம் தேய்க்க வேண்டும். வீங்கிய ஈறு ஒன்றிரண்டு வாரத்தில் இறங்கத் தொடங்கும்.

---

தர்மபுரி டூ கிண்டி | ஜூலை 9, காலை 8:15

எனக்கு ஒரு பயம், அதனால் குறுக்கே கேட்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் பிள்ளைகள் பல்லெல்லாம் பழுப்புக் கோடும் வெள்ளைப் புள்ளியுமாக இருக்கும், போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே அதற்காகத்தான். என் சித்தப்பாவுக்கு முட்டி மடங்காது. அப்படி ஒரு பொருளை வேண்டும் என்றே பிள்ளை வாயில் வைக்கச் சொல்கிறீர்களே?

---

முகப்பேர் பல் மருத்துவர் | ஜூலை 9, பிற்பகல் 1:40

நியாயமான பயம்தான் தம்பி. சித்தப்பாவின் கஷ்டம் வருடக்கணக்காகக் குடித்த தண்ணீரால் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அளவு, உங்கள் பக்கம் பல கிணறுகளில் அதைத் தாண்டும். பேஸ்ட் விழுங்குவதற்கு இல்லை, துப்புவதற்கு. பல்லில் ஃப்ளோரைடு கறை உண்டாவது தாடைக்குள் பல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள். 13 வயதுப் பிள்ளையின் முன்பல் உருவாகி முடிந்து வெளியே வந்தாகிவிட்டது.

இரண்டு வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். தண்ணீரால் வந்த திட்டு இடது வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பல் முளைத்தபோதே இருக்கும். கிளிப்பால் வந்தது பிராக்கெட்டின் ஓரத்தையும் ஈறின் வளைவையும் ஒட்டியே இருக்கும்.

சென்னையில் பல வீடுகளில் ஆர்.ஓ. தண்ணீர்தான், அந்த இயந்திரம் ஃப்ளோரைடையும் பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது. இங்கே பிள்ளைக்குப் பேஸ்ட்தான் முக்கிய வழி.

---

தர்மபுரி டூ கிண்டி | ஜூலை 9, இரவு 7:02

புரிந்தது டாக்டர், நன்றி. என் அக்கா மகனுக்கு நான்கு வயது. அவனுக்கு எவ்வளவு பேஸ்ட்?

---

முகப்பேர் பல் மருத்துவர் | ஜூலை 9, இரவு 9:30

பட்டாணி அளவு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும்.

---

கணக்கு டீச்சர் பெரம்பூர் | ஜூலை 10, இரவு 8:44

இழை முழுவதும் படித்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் நடப்பதை நான் சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் ஆறு பிள்ளைகள் கிளிப் போட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழாயடியில் கூட்டம். டிபன் பாக்ஸ் கழுவவும் தண்ணீர் பிடிக்கவும் நேரம் சரியாக இருக்கும். போன வருடம் ஒரு மாணவி என்னிடம் வந்து, கம்பியில் கீரை மாட்டிக்கொண்டதைப் பையன்கள் பார்த்துச் சிரித்துவிட்டார்கள் என்று அழுதாள். அதிலிருந்து அவள் மதியம் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். பிரஷ் இருக்கிறதா என்று கேட்டேன். பையில் இருந்தது, ஒரு வருடமாக, பாலித்தீன் கவரில் சுற்றி, ஒரு நாளும் எடுக்காமல். எடுத்தால் பார்ப்பார்களே என்ற கூச்சம்.

அவள் பிரஷ் புத்தம் புதிதாக இருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. தலைமை ஆசிரியரிடம் பேசினேன். கிளிப் போட்ட பிள்ளைகள் ஐந்தாவது பீரியட் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து வரலாம் என்று அனுமதி கொடுத்தார். ஸ்டாஃப் ரூம் பக்கத்து வாஷ்பேசினை அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர்களுக்கே விட்டோம், கண்ணாடி ஒன்று மாட்டினோம். ஆறு பேரும் சேர்ந்து போவதால் யாருக்கும் கூச்சம் இல்லை. செலவு என்று பார்த்தால் அந்தக் கண்ணாடி மட்டும்தான்.

பள்ளிக்கரணை அம்மா, உங்கள் மகளின் வகுப்பாசிரியரிடம் நேராகப் போய்ப் பேசுங்கள். டைரியில் எழுதி அனுப்பினால் நடக்காது. எங்களுக்கு நாற்பத்தைந்து பிள்ளைகள், முகம் பார்த்துச் சொன்னால்தான் நினைவில் நிற்கும்.

---

ஹாஸ்டல் மீனா | ஜூலை 10, இரவு 10:20

டீச்சர் சொன்ன அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. பிரஷ் எடுக்க முடியாத நாளில் குறைந்தது தண்ணீரை வாயில் நிறைத்துக் கன்னம் உப்ப நாலு முறை கொப்பளிப்பேன். துணுக்கும் சர்க்கரையும் ஓரளவாவது போய்விடும் என்று என் டாக்டர் சொல்லிக் கொடுத்தது.

இன்னொன்று. மருந்துக்கடையில் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கேட்காமலே கொடுக்கிறார்கள். நானாகவே மூன்று மாதம் பயன்படுத்தினேன். பல்லும் பிராக்கெட் ஓரமும் காபிக் கறை போலப் பழுப்பாகிவிட்டது, சாப்பாட்டின் ருசியும் மாறியது. டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். எனக்குப் பிறகு அவர் எழுதிக் கொடுத்தது 0.05 சதவீத சோடியம் ஃப்ளோரைடு மவுத்வாஷ். அதைப் பல் தேய்த்தவுடன் இல்லாமல், சாயங்காலம் தனியாக ஒரு நிமிடம்.

---

அம்பத்தூர் அப்பா | ஜூலை 12, காலை 7:05

டாக்டர், உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று என் மகன் வாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பல் சுத்தம். ஆனால் கடைவாய்ப் பல்லைச் சுற்றிப் போட்டிருக்கும் இரும்பு வளையம் விரலால் அழுத்தினால் மேலும் கீழும் அசைகிறது. வலி இல்லை என்கிறான். அடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆகஸ்டில்தான். காத்திருக்கலாமா?

---

முகப்பேர் பல் மருத்துவர் | ஜூலை 12, காலை 9:12

காத்திருக்க வேண்டாம் சார், இன்றைக்கே போன் செய்யுங்கள். வளையத்துக்கு உள்ளே வைத்த சிமென்ட் கரைந்துவிட்டால் எச்சிலும் சாப்பாடும் உள்ளே போய்த் தங்கும். வெளியிலிருந்து எந்தப் பிரஷும் அங்கே எட்டாது. வளையத்தைக் கழற்றும் அன்றுதான் உள்ளே அரித்திருப்பது தெரியும். பிள்ளைக்கு வலிக்காது என்பதால்தான் இது ஆபத்து. சுத்தம் செய்து ஃப்ளோரைடு கசியும் சிமென்ட்டில் திரும்ப ஒட்டுவது சின்ன வேலை.

---

அம்பத்தூர் அப்பா | ஜூலை 14, இரவு 8:30

போய்வந்தோம். கழற்றிப் பார்த்தார்கள். லேசான வெள்ளை மட்டும், குழி இல்லை. ஃப்ளோரைடு வார்னிஷ் தடவி மறுபடி ஒட்டிவிட்டார்கள். எனக்கு நெஞ்சு நிம்மதியானது. செலவுக்குத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிளிப்புக்கென்றே தனித் துறை உண்டு. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும்.

---

தாம்பரம் அண்ணன் | ஜூலை 14, இரவு 10:41

டாக்டர், அந்த வார்னிஷ் எல்லோருக்கும் போட வேண்டுமா? பேஸ்டிலேயே அதிகச் சக்தி உள்ளது இருக்கிறதாமே?

---

முகப்பேர் பல் மருத்துவர் | ஜூலை 15, பிற்பகல் 2:05

திட்டு தெரிய ஆரம்பித்தவர்களுக்கு நான் போடுகிறேன். 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு, தடவ ஐந்து நிமிடம் கூட ஆகாது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2019-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 5000 பி.பி.எம். பேஸ்ட்டும், ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை க்ளினிக்கில் வைக்கும் ஃப்ளோரைடு நுரையும் புதிய திட்டுகளைக் குறைக்கலாம் என்றது, சான்று இன்னும் பலமாக இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. இதெல்லாம் மேல் உதவி. சந்தில் படலம் அப்படியே இருக்கும்போது மேலே எதைத் தடவினாலும் பெரிய பயன் இருக்காது. 5000 பேஸ்ட்டை டாக்டர் எழுதிக் கொடுக்காமல் யாரும் தேடிப் போக வேண்டாம்.

---

பள்ளிக்கரணை அம்மா | அக்டோபர் 3, இரவு 9:18

காலாண்டு லீவு முடிகிறது. இவ்வளவு பேர் அக்கறையாக எழுதினீர்கள், நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது.

முதல் வாரம் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். மென்று துப்பினால் படலம் இருக்கும் இடமெல்லாம் அடர் ரோஜா நிறமாகிவிடும். மகள் அன்று நன்றாகத்தான் தேய்த்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தால் பிராக்கெட் ஒவ்வொன்றின் மேலும் புருவம் தீட்டியது போல ரோஜாக் கோடு. கீழே சுத்தம், முகம் சுத்தம், அந்த ஒரு கோடு மட்டும். "இங்கதான் போகலையாம்மா" என்று அவளே இடைப்பல் பிரஷை எடுத்தாள். அந்த நிறம் போகும்வரை, பதினொரு நிமிடம், நிறுத்தவே இல்லை. அதற்குப் பிறகு நான் பக்கத்தில் நிற்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

இரவுப் பாலை மாற்றியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிள்ளை வெறும் வயிற்றோடு படுக்கிறாளே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எட்டரைக்கே கொடுத்துப் பழகிவிட்டோம். காபியை இட்லியோடு சேர்த்து, அதன்பிறகு தேய்த்துவிட்டு வேன் ஏறுகிறாள். மாமியார்தான் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, பல் தேய்க்காமல் காபியா என்று. எழுந்ததும் வெறும் பிரஷால் ஒருமுறை, சாப்பிட்டபின் பேஸ்ட் போட்டு ஒருமுறை என்று சமாதானம் செய்தோம். பள்ளியில் மிஸ்ஸிடம் நேரில் பேசினேன். மதியம் ஐந்து நிமிடம் கிடைத்திருக்கிறது.

போன சனிக்கிழமை டாக்டர் மறுபடி பஞ்சு வைத்து, காற்று அடித்துப் பார்த்தார். புதிதாக எதுவும் இல்லை. பழைய நாலில் இரண்டு பற்களில் திட்டு சுருங்கியிருக்கிறது, பழைய சாக்பீஸ் நிறம் இல்லாமல் கொஞ்சம் பளபளப்பு வந்திருக்கிறது. இரண்டு கோரைப் பல்லிலும் அப்படியே நிற்கிறது. கிளிப் கழற்றியபின் சில மாதம் பொறுத்துப் பார்த்து, போகாவிட்டால் பிசின் ஊற்றி மறைக்கலாம் என்றார். இப்போதைக்குக் கிளிப் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

---

புழல் ஏரிக்கரை | அக்டோபர் 4, காலை 6:30

என் மகனுக்கு வரும் வியாழக்கிழமை கிளிப் போடுகிறார்கள், ஏழாம் வகுப்பு. போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

---

முகப்பேர் பல் மருத்துவர் | அக்டோபர் 4, பிற்பகல் 1:55

இருக்கிறது. சொத்தை ஏதாவது இருந்தால் முதலில் அடைத்துவிட வேண்டும், க்ளீனிங் முடித்துவிட வேண்டும். பல்லைக் காயவைத்து நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், பிறகு ஒரு திட்டு தெரிந்தால் முன்பே இருந்ததா புதியதா என்று சண்டை வராது. இந்த நான்கு நாளில் இடைப்பல் பிரஷைக் கையில் கொடுத்துப் பழக்குங்கள். போட்ட முதல் வாரம் வாய் வலிக்கும், அப்போது புதிதாக எதையும் கற்றுக்கொள்ள மாட்டான். ஈறு ஏற்கெனவே வீங்கி ரத்தம் வருகிறது என்றால் வியாழக்கிழமையைத் தள்ளிப்போடக் கூடத் தயங்காதீர்கள்.

---

பள்ளிக்கரணை அம்மா | அக்டோபர் 4, மாலை 5:47

வணக்கம் அங்கிள், நான் அம்மாவின் போனிலிருந்து அவங்க மகள் எழுதுகிறேன். உங்கள் பையனுக்கு ஒன்று சொல்லுங்கள். சின்ன டப்பாவில் இருக்கிற குட்டிப் பிரஷ் வாங்கிக் கொடுங்கள், பென்சில் பாக்ஸிலேயே வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. மேல் பல்லில் பெரிய பல்லுக்குப் பக்கத்துப் பல்லை முதலில் தேய்க்கச் சொல்லுங்கள். கடைசியில் தேய்த்தால் அதற்குள் பெல் அடித்துவிடும்.